ஜம்புவின் ஞாயிற்றுக்கிழமை பஜனை

பஜனைக்குப் போய்விட்டு வந்த மனிதரின் பேண்ட்டில் முழங்கால் வரைக்கும் சேறு இருந்தது. மும்பையில், செம்பூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஜம்பு அதைக் கவனித்தார். ஷ்யாமளா அதற்குள் கவனித்து முடித்திருந்தாள்.

“மாதுங்கா கோயில்ல இவ்வளவு சேறா?”

“இன்னிக்கு வீதி பஜனை. தெருத்தெருவாப் பாடிண்டு போனோம்.”

மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் பிரசாதப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தார். ஸ்டேஷன் வாசலில் வாங்கி, வாழையிலையில் மாற்றிக் கட்டிய வடைகள்.

நான்கு வருடமாக இதுதான் வழக்கம். ஞாயிறு விடிந்ததும் பஜனை என்று கிளம்புகிறவர், தாணேயைத் தாண்டி ஏதாவது ஒரு குளக்கரையில் குனிந்து தவளையும் ஓணானும் தண்ணீர்ப் பாம்பும் தேடிக்கொண்டிருப்பார். பிடிப்பதில்லை. பார்ப்பார், படமெடுப்பார், நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். ஷ்யாமளாவிடம் சொல்லாததற்குக் காரணம் ஒரு பல்லி. கல்யாணமான புதிதில் சமையலறைச் சுவரில் அதைக் கண்டு அவள் அழுத அழுகை அவருக்கு மறக்கவேயில்லை. அவளைப் பயமுறுத்துவதைவிடப் பொய் சொல்வது மேல் என்று பட்டது.

“வீதி பஜனை கேட்டு எத்தனை நாளாச்சு,” என்றாள் ஷ்யாமளா. “அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரையும் நம்மாத்துக்கு வரச் சொல்லுங்கோ.”

“நம்மாத்துல எடம்...”

“எத்தனை பேர்?”

நிறையப் பேர் என்றால் நிறையப் பேரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். “ரெண்டு பேர்,” என்றார் ஜம்பு.

“ரெண்டு பேரும் நீங்களுமா வீதியை அடைச்சுண்டு போனேள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வடையைத் தின்னத் தொடங்கினாள்.

அந்த இரண்டு பேர், தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் அப்துல் வாஹித்தும், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் ஹரிதாவும். தவளைக் கூட்டாளிகள்.

“பஜனையில நான் என்ன சார் செய்ய?” என்று போனில் கேட்டார் வாஹித்.

“தபேலா வாசியுங்கோ பாய்.”

“தோல வெட்டிருக்கேன், தச்சிருக்கேன். தட்டுனதில்லையே. பொறவு, பேர மாத்தச் சொன்னா வரமாட்டேன், பாத்துக்கிடுங்க.”

“யாரு மாத்தச் சொன்னா? வந்து உக்காந்தாப் போதும்.”

சனிக்கிழமை மும்பையில் மழை கொட்டியது. சாயங்காலம் தவளை பார்ப்பவர்களுக்கான அவர்களுடைய முகநூல் குழுவில் ஒரு படம் வந்தது. போட்டவர் ‘கருப்புக் குடை’. ஒரு வருடமாக அந்தப் பெயரில் நல்ல நல்ல படங்கள் வருகின்றன, ஆளை யாரும் பார்த்ததில்லை. படத்தில் வயல் நீரில் எலுமிச்சம்பழம் மிதப்பதுபோல் மஞ்சள் தவளைகள், தாடையின் இருபுறமும் நீலப் பை உப்பியிருந்தது. கீழே ஒரே சொல்: ‘வந்துவிட்டன.’

ஜம்பு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் பெருமழைக்கு ஆண் தவளைகள் இந்த மஞ்சளுக்கு மாறும், ஓரிரு நாளில் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். நான்கு வருடமும் அவர் ஒரு நாள் தாமதம். இந்த வருடம், தாணேக்கு அப்பால் அவர்கள் வழக்கமாகப் போகும் அந்த வயலில் கட்டடக் கம்பெனியின் பலகை வேறு நட்டுவிட்டார்கள். நாளை விட்டால் இனி இல்லை.

பூவும் பழமும் வாங்க மாதுங்கா போயிருந்த ஷ்யாமளா தொப்பலாக நனைந்து திரும்பினாள்.

“ஷ்யாமளா, பஜனையைத் தள்ளி வெச்சுக்கலாமா? பாடறவாளுக்குத் தொண்டை கட்டிண்டுடுத்து.”

“மிளகுக் கஷாயம் போட்டுத் தரேன். பத்து மணின்னு இருந்ததை ஏழாக்கிட்டேன். சீக்கிரம் முடிச்சாச் சீக்கிரம் கிளம்பலாமோன்னோ?”

எங்கே கிளம்ப என்று கேட்காமல் அவர் மறுபடியும் அந்தப் படத்தைத் திறந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் வந்தார்கள். வாஹித் இரவல் தபேலாவைத் தையலை ஆராய்வதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹரிதா பாட்டுத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

“அங்கிள், தமிழ்ல எழுதிருக்கு. எனக்குப் படிக்க வராது, மாலூம் ஹை நா? உங்களுக்குத் தெரியுமே!”

“சும்மா வாயை அசை,” என்றார் ஜம்பு, கண்ணை மூடியபடி.

வாஹித் தபேலாவை ஒரு தட்டுத் தட்டினார். அந்த நேரம் பார்த்து, கீழே சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மூன்று தலைகளும் ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பின.

“தேரை,” என்றார் வாஹித்.

“நஹி பாய், மரத்தவளை.”

“ரெண்டு பேரும் தப்பு,” என்றார் ஜம்பு. “வயல் தவளை. அதுலயும் சின்ன ரகம்.”

சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. ஷ்யாமளா கையில் தட்டோடு நின்றிருந்தாள்.

“எந்தத் தவளையா இருந்தாலும் முதல்ல சாப்பிடுங்கோ. வெங்காயம் தாராளமாப் போட்ட வடை. இவர் கொண்டுவர பிரசாதம் மாதிரியே.”

கோயில் மடப்பள்ளிக்குள் வெங்காயம் நுழையாது. இவர்களைப் போன்ற பாலக்காட்டுக் குடும்பத்தில் அது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஜம்புவுக்கும் தெரியும். வடை வாங்கும் நேரத்தில் மட்டும் அவர் மனசு குளத்தில் இருந்துவிடும்.

“எப்போ தெரிஞ்சுது?”

“முதல் வாரம், முதல் கடியிலயே. தவளைன்னு அப்புறம் உங்க நோட்டைப் பார்த்துத் தெரிஞ்சுண்டேன்.”

“நீ பல்லிக்கே அழுதியே...”

“அப்போ எனக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு பல்லிக்கு எத்தனை வருஷம்னா பயப்படறது?” ஷ்யாமளா தட்டிலிருந்த வடைகளை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். “ஒரு ஞாயித்துக்கிழமையாவது, நீயும் வரியான்னு கேட்டிருக்கலாம்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. வாஹித் தபேலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிதா வாயிலிருந்த வடையை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

“வரியா?” என்றார் ஜம்பு. “ஆனா இனிமே டிரெயின் பிடிச்சுப் போய்...”

வாசல் மணி அடித்தது. டாக்ஸிக்காரர் ஒருவர் நின்றிருந்தார், கையில் நனைந்த கருப்புக் குடையோடு.

“மாமி, வண்டி கீழ நிக்கி. நேத்து வயல்ல மஞ்சத் தவளையப் படம் புடிச்சுட்டு, இந்தக் குடைய வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டிய.”