பதினாறு ஆண்டுகளாகச் சூடேறும் கை

அமெரிக்காவுக்குத் தெற்கே ஒரு தீவில் இருக்கிற எங்கள் சான் பெத்ரோ ஊரில் கல்லை விட்டெறிந்தால் அது யாராவது ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர்மேல்தான் விழும். அவர் அதைப் பிடித்து, வந்ததைவிட வேகமாகத் திருப்பி எறிவார். இவர்களில் அமெரிக்கா போய்ப் பெரிய லீகில் ஆடியவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. போகவே போகாதவர்கள் உண்டு. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது மூன்றாவது இனத்தை. அறைக்குள்ளும் வராமல், வாசற்படியையும் விடாமல், கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நரை தட்டிப் போகிற இனம். இவர் பெயர், கிட்டத்தட்ட ஆடியவர்.

இவரைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். தார் உருகும் வெயிலில் ஊரே பனியனோடு திரிய, இவர் மட்டும் பனி பெய்யும் ஏதோ ஒரு நகரத்தின் சின்னம் தைத்த கனத்த ஜாக்கெட்டுக்குள் வெந்துகொண்டிருப்பார். வலது முழங்கையை, இப்போதுதான் தூங்கிய குழந்தையைப் போல, இடது கையில் தாங்கியிருப்பார். டொமினோ ஆடும்போது காயை வைக்க மாட்டார், எறிவார். தெருவில் எந்தத் தொலைபேசி அடித்தாலும் பாதி எழுந்து, தனக்கில்லை என்று தெரிந்ததும் கால்சட்டையைச் சரிசெய்ய எழுந்தவர்போல உட்காருவார். பேச்சில் ஒரு 'மட்டும்' இல்லாமல் இருக்காது. அந்த முழங்கை மட்டும், அந்த மேனேஜர் மட்டும், அந்த மழை மட்டும்.

மாதிரிக்கு எங்கள் தெருவின் புச்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன லீகுகளில் சில ஆண்டுகள் பஸ்ஸில் குலுங்கிய பிறகு, பெரிய லீகில் மூன்று நாள் இருந்தார். இருந்தார் என்பதே சரியான சொல். மைதானத்தின் ஓரத்தில், மாற்றுப் பந்தெறிபவர்களுக்கான பெஞ்சில் இருந்தார். அங்கே சுவரில் ஒரு தொலைபேசி உண்டு. மூன்று நாளில் அது அவருக்காக இரண்டு முறை அடித்தது. "புதுப் பையனைக் கையைச் சூடேற்றிக்கொள்ளச் சொல்." இரண்டு முறையும் புச்சோ எழுந்தார், பயிற்சிப் பந்துகளை எறிந்தார், வியர்த்தார், உட்கார்ந்தார். நான்காம் நாள் பெட்டியோடு பஸ் ஏறினார். ஆட்டத்துக்குள் ஒரு பந்துகூட எறியாதவருக்கு லீகின் ஏடுகளில் இடமில்லை. மகா மோசமாக ஆடியவனுக்கும் அதில் ஒரு வரி உண்டு. புச்சோவுக்கு இல்லை.

இது நடந்து பதினாறு ஆண்டு. அன்றிலிருந்து, ஊருக்கே அக்காவான தோன்யா மிலேதியின் மூலைக் கடை வாசலில், டொமினோ மேசைக்கு எதிரே, அந்த இரண்டு அழைப்புகளும் தினம் அடித்துக்கொண்டிருக்கின்றன.

"ரெண்டாவது தடவ போன் அடிச்சப்ப என் பந்து தொண்ணூத்தாறு மைல் வேகம்."

"போன வாரம் தொண்ணூத்தஞ்சுன்னியே?" என்பார் மிலேதி, கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சூடேறிட்டே இருக்குல்லக்கா."

இனி இவருடைய வயது. இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் ஊருக்கு வரும் தரகர்கள் பதினாறு வயதுக் கைகளைத்தான் தேடுவார்கள். அதே பந்தை அதே வேகத்தில் இருபது வயதில் எறிந்தால், அவர்கள் கண்ணுக்கு அது நேற்றைய சோறு. ஆகவே இருபது வயது புச்சோ, பதினாறு வயதுத் தம்பி தூத்தோவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சான்றிதழ் இல்லாமல் தம்பி என்ன செய்வான்? மிச்சமிருந்த அண்ணனுடையதை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து காகிதத்தில் அண்ணன் தம்பியானார், தம்பி அண்ணனானார். ஞானஸ்நானப் பெயர்களும் கூடவே இடம் மாறின. செல்லப் பெயர்களை எந்த அலுவலகமும் பதிவு செய்வதில்லை என்பதால் அவை மட்டும் பிழைத்தன. இதை மோசடி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. 'பந்தாட்ட வயசு' என்போம். வீட்டு வயசு வேறு, பந்தாட்ட வயசு வேறு. ஒரு மனிதனுக்கு இரண்டு சட்டை இருப்பதில்லையா?

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. ஜூன் மாதம் சான் பெத்ரோ திருவிழா வந்தது. திருவிழா என்றால் மூத்தோர் ஆட்டம். நாங்களும் ஆற்றுக்கு அக்கரைக்காரர்களும். நாற்பது நிரம்பியவர்கள்தான் ஆடலாம். தொடர்ந்து ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அதில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. இந்த முறை எங்கள் பந்தெறிபவர்களில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரர் முதுகு பிடித்துப் படுத்துவிட, புச்சோ ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக் கல்லா முன் போய் நின்றார். அணியின் செயலாளரும் மிலேதிதான். ஆட்டக் குறிப்பு நோட்டும் சர்க்கரை மூட்டையும் அவருக்கு ஒரே பொறுப்பு.

"அக்கா, என் பேர எழுதுங்க."

மிலேதி அடையாள அட்டையை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்தார். "முப்பத்தேழு. மூணு வருஷம் கழிச்சு வா."

"எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் பொறந்தப்ப நீங்கதானக்கா தொட்டில் குடுத்தீங்க?"

"எனக்குத் தெரியும்டா. இந்த அட்டைக்குத் தெரியலையே. இருபத்தோரு வருஷமா நீதான அத நம்ப வெச்ச?"

"அப்ப தூத்தோ மட்டும் எப்படி ஆடுறான்? அவன் என் தம்பி!"

"அட்டையில ஒன் அண்ணன். ஒனக்கு நாப்பத்தொண்ணுன்னு எழுதினா அவனுக்கு முப்பத்தேழுன்னு எழுதணும். ஒரு சான்றிதழ்ல ரெண்டு பேர் தொங்க முடியாது."

அங்கேதான் சிக்கல். தூத்தோ போன வருடம் சேர்ந்தவர். தொந்தியும் மூட்டுவலியுமாக உருளும் எங்கள் அணியில், உண்மையில் முப்பத்தேழே ஆன ஒருவர் மட்டையோடு நின்றால் எப்படியிருக்கும்? எங்கள் ரன்களில் பாதி அவருடையது. கேப்டனான சவரக்கடைக்காரர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

"புச்சோ, ஊருக்காகக் கேக்குறேன். பேசாம இளமையாவே இருந்துடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். புச்சோ சிரிக்கவில்லை. கல்லாவின்மேல் கிடந்த ஆட்டக் குறிப்பு நோட்டைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"ஒரே ஒரு பந்துக்கா. நான் எறிஞ்சேன்னு எங்கயாவது ஒரு வரி எழுதியிருக்கணும்."

மிலேதி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேவையில்லாமல் தராசைத் துடைத்தார்.

மூன்று நாள் கழித்துத் தூத்தோ வந்து டொமினோ மேசையில் தன் அட்டையை வைத்தார். "எடுத்துக்க."

"நீ என்னடா பண்ணுவ?"

"நான் முப்பத்தேழு வயசுக்காரண்ணே. எனக்கு அவசரமில்ல. அதுல இருக்கறது ஒன் பேருதான. திருப்பிக் குடுக்கறேன், அவ்வளவுதான்."

இப்படியாக, ஏவாரிஸ்தோ என்று பிறந்து, ஏவாரிஸ்தோ என்று ஞானஸ்நானம் பெற்ற மனிதர், ஏவாரிஸ்தோவாக ஆள்மாறாட்டம் செய்து ஆட இறங்கினார். அக்கரை நடுவர் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவுல ஆள் ஒல்லியா இருக்கே?"

"கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது," என்றார் புச்சோ. நடுவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. விட்டுவிட்டார்.

அன்று காலை ஆறு மணிக்கே புச்சோ கோயில் மதிலில் பந்தெறிந்து கையைச் சூடேற்றத் தொடங்கினார். பூசை முடிந்தது, எறிந்தார். வாத்திய ஊர்வலம் போனது, எறிந்தார். பாதிரியார் வந்து, சுவரின் சுண்ணாம்பு உதிர்வதைப் பணிவாகச் சுட்டிக்காட்டினார். பக்கத்துச் சுவருக்கு மாறி எறிந்தார். ஆட்டம் தொடங்கிய பிறகும் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்துகொண்டிருந்தார்.

தூத்தோ இல்லாமலே, எப்படியோ, கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். அக்கரைக்காரர்களில் இருவர் அவுட். ஒருவர் ரன்னுக்குப் பாதி வழியில், இரண்டாவது பேஸில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் ஏழு வருடத்தில் முதல் வெற்றி. கேப்டன் புச்சோவைக் கூப்பிட்டார். கையைத் தட்டி அல்ல. பதினைந்தடி தள்ளி நின்றவரை, அவருடைய கண்டிப்பான வேண்டுகோளின்படி, கைபேசியில். அது அடித்தது. புச்சோ ஜாக்கெட்டைக் கழற்றினார். பதினாறு ஆண்டில் முதல்முறையாக அவருடைய தோள்களைப் பார்த்தோம்.

எதிரே மட்டையோடு நின்றவர் அக்கரை மருந்துக்கடைக்காரர். ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் பட்டை, நாள் முழுக்க எதையும் தொடாத மட்டை.

புச்சோ கையைச் சுழற்றினார். அந்தச் சுழற்சி அழகாக இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். பந்து புறப்பட்டது. போனதைவிடச் சீக்கிரம் திரும்பியது. எங்கள் தலைகளுக்கு மேலே, வாழைக்காய் வறுவல் வண்டிக்கு மேலே, கரும்புத் தோட்டத்துக்குள். ஹோம் ரன்: பேஸில் நின்றவருக்கு ஒன்று, அடித்தவருக்கு ஒன்று, ஆக இரண்டு ரன். மருந்துக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே பேஸ்களைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு திருவிழா நடத்தியிருக்கலாம். தோற்றோம். ஏழாவது முறை.

மறுநாள் காலை கடையில் டொமினோக் காய்களைக்கூடப் பூப்போல வைத்தோம். புச்சோ ஜாக்கெட் இல்லாமல் வந்தார். மிலேதி நோட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினார். 'ஏவாரிஸ்தோ. எறிந்த பந்து: ஒன்று.' புச்சோ அந்த வரியின்மேல் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மெதுவாக நகர்த்தினார். இரண்டு முறை. மனிதர் கரையேறிவிட்டார், இனி இந்த இனத்தின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன்.

அப்போது அவருடைய இடது கை, தானாகவே, வலது முழங்கையைத் தேடிப் போனது.

"கையச் சூடேத்திக்க மட்டும்," என்றார் புச்சோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா..."

சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும், பத்து வருடமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறீர்களே, அந்தப் புத்தகத்தைப் பற்றி யாராவது விசாரித்தால் நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அல்லது சுருதிப்பெட்டியோடு வாங்கி அலமாரிமேல் வைத்த அந்தப் பாட்டு ஆசையைப் பற்றி. சொல்ல விருப்பமில்லையென்றால் வேண்டாம். இதைப் படிக்கும்போது உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.