இட்லிக்கு என்ன ஊற்றட்டும்?

பக்தி முற்றிப்போனவனைப் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. ஊர் திருவள்ளூர் பக்கம், வேலை திருப்பதியில் ஒரு கம்பெனியில். வந்த சம்பந்தங்கள் எல்லாம் கைகூடாமல் போய்க்கொண்டிருந்தன. (ஒரு வீட்டார் மட்டும் காரணம் சொன்னார்கள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.) இந்த நிலையில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் வந்தது. இந்த முறை ஆண்டவரை அசத்திவிடுவது என்று இறங்கினேன். காபியை விட்டேன். இனிப்பை விட்டேன். செருப்பு, தலையணை எல்லாவற்றையும் விட்டேன். சாப்பாட்டை ஒரு வேளையாகக் குறைத்தேன். காவி வேட்டி கட்டிக்கொண்டேன். இதில் எதையும் எங்கள் ஃபாதர் என்னிடம் கேட்கவில்லை.

திருப்பதியில் காவி கட்டி வெறுங்காலோடு நடந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். "சாமி, மலைக்கா?" என்று பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். நான் கழுத்தில் கிடக்கும் ஜெபமாலையை எடுத்துக் காட்டுவதற்குள் ஜன்னலோர சீட் காலியாகிவிடும். நானும் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் சித்தூரிலிருந்து ஸ்டெல்லாவின் சம்பந்தம் வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வார லீவு வெள்ளிக்கிழமை என்பதால் அன்றைக்கே போவதாக முடிவானது. அம்மா ஊரிலிருந்து நேராக அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் திருப்பதியில் பஸ் ஏறி, சித்தூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அன்றைய ஒரே வேளைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிப் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தவர் பெண்ணின் அப்பா. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப ஒண்ணும் இல்ல சாமி. பொண்ணு பாக்க வராங்க, அப்பறமா வா" என்று கதவைச் சாத்தப் போனார்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஐயோ, அது எம்புள்ளதாங்க."

கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா காபி கொண்டுவந்து நீட்டினாள். பெண் கொடுக்கும் காபியைத் தொடாமல் திருப்பினால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அத்தனை நாள் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"வேணாங்க."

அவள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"புடிக்கலன்னா நேராவே சொல்லிடலாம் தம்பி. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. "அய்யய்யோ, அப்டி இல்லீங்க. தவக்காலம்னு காபி விட்டுட்டேன். செருப்பு விட்டுட்டேன். ஒரு வேளதான் துன்றேன். இன்னிக்குகூட பஸ் ஸ்டாண்டுல நாலு இட்லி, கோழிக்குழம்பு, அவ்ளோதான். காபி தொடவே இல்ல."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் பிரமிப்பு என்று நினைத்தேன். அம்மா ஏன் நெற்றியில் கை வைக்கிறார் என்றும் புரியவில்லை.

சமையலறை வாசலிலிருந்து ஸ்டெல்லா கேட்டாள். "இன்னிக்கு என்னா கிழமைங்க?"

"வெள்ளிக்..." என்று ஆரம்பித்துப் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

"விபூதி புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, ஒரு வேளதான் சாப்பாடு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைல கறி துன்னக் கூடாது. கோயில்ல கட்டாயம்னு சொல்றது அவ்ளோதான். காபி, செருப்பு எல்லாம் நாமளா விடறது. கேக்காததயெல்லாம் விட்டுட்டு, கேட்ட ஒண்ண மட்டும் துன்னுட்டு வந்துகிறீங்க."

நடந்தது இதுதான். ஓட்டலில் பரிமாறியவர் "இட்லிக்கு என்ன ஊத்தட்டும்?" என்று கேட்டபோது, காபி வேண்டாம் என்று சொல்வதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. நான் விட்டவற்றில் கோழி இல்லை. சபையின் கட்டளையை எனக்கு யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. (கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பில் நான் பரிசு வாங்கியவன் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

அவ்வளவுதான், முடிந்தது என்று எழுந்தேன். வாசலில் போய்ச் செருப்பைத் தேடினேன். செருப்பு இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"காபி ஆறிப்போவுது" என்றாள் ஸ்டெல்லா. "வந்து குடிங்க. ஆண்டவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

திரும்பி வந்து குடித்தேன். ஆறி, ஆடை கட்டிய காபி. அதைவிட நல்ல காபியை நான் இன்றுவரை குடித்ததில்லை. கிளம்பும்போது பெண்ணின் அப்பா தன் செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்தார். ஒரு சைஸ் சின்னது. கடித்தது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் திருப்பதி வந்து சேர்ந்தேன்.

அடுத்த நாளே ஃபாதரிடம் போய்க் கோழிக்குழம்பைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். என்னைக் கட்டிக்கொள்ள எப்படிச் சம்மதித்தாய் என்று ஸ்டெல்லாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"கோழிக்குழம்ப நீங்களாதான சொன்னீங்க. இந்த ஆளுக்கு எதயும் மறைக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிபோச்சி" என்றாள்.

விட்ட காபிக்கும் வெந்த காலுக்கும் கூலியாக அவள் கிடைத்தாள் என்று நான் நினைக்கவில்லை. கட்டளையை மீறிய அன்றைக்குத்தான் கிடைத்தாள். அதனால்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

இப்போது தவக்காலத்தில் நான் அடக்கமாக, கேட்ட அந்த ஒன்றே ஒன்றைத்தான் விடுகிறேன்: வெள்ளிக்கிழமைக் கறியை. வெள்ளிக்கிழமை காலையில் முதலில் காபி வந்துவிடும். அப்புறம் என் மகள் கரண்டியோடு வந்து நிற்பாள். சமையலறையில் ஸ்டெல்லா பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். மாமனார் வந்திருந்தால் பேப்பரைத் தாழ்த்திக்கொள்வார்.

"நைனா, இட்லிக்கு என்னா ஊத்தட்டும்?"

"சட்னி" என்பேன். வீடே சிரிக்கும். அடுத்த வருடம் எதை விட்டாலும் விடுவேன், இந்தக் கேள்வியை மட்டும் விட மாட்டேன்.