பழைய டேட்டாபேஸில் ஒரு வரி கூடுகிறது

சேசு மரி சூசை துணை

விளாங்குடி,
பிப்ரவரி 9

அன்புள்ள பெர்சிக்கு,

நீயும் ஜெஸியும் மாப்பிள்ளை ஜூடும் பேரனும் டப்ளின் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். சாப்பாடு, தூக்கம், துணி துவைக்கிற மெஷின் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. மகள் கேட்டபடி நீ ஈஸ்டர் முடியும்வரை தாராளமாக இரு. ஐந்து மாதம் இருந்தாயிற்று, இன்னும் இரண்டு மாதம் ஒரு பெரிய விஷயமா? போனில் பேசினால் குழந்தை அழுகிறான், நீ ஓடிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் வரன் பதிவு வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தரும் கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு மெயில் வந்தது. எட்டு வருஷமாக நாம் வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை அவர்கள் இனி வைத்துக்கொள்ள மாட்டார்களாம். பிப்ரவரி முடிவதற்குள் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டுமாம். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ரெக்கார்டு பார்த்தவன் நான். ஒரு பீரோவிலிருந்து இன்னொரு பீரோவுக்கு எடுத்து வைக்கிற வேலைதானே என்று நினைத்துவிட்டேன். மாடியில் குடியிருக்கும் சத்யப்ரியா கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள் இல்லையா, அவளிடம் சொன்னேன். "பீரோ மாதிரி இல்ல அங்கிள். பழையது எதக் குடுத்தாலும் வாங்கி வச்சுக்கிருச்சு. புதுசு கேள்வி கேக்கும்" என்றாள்.

கேட்டது. பிறந்த தேதி தெரியாத நாற்பத்து மூன்று பேருக்கு நீ நாள் பூஜ்யம், மாதம் பூஜ்யம், வருஷம் பூஜ்யம் என்று போட்டு வைத்திருந்தாய். அப்படி ஒரு நாள் உலகத்திலேயே கிடையாது என்று புதியது மொத்தத்தையும் திருப்பிவிட்டது. காலியாக விட்டுவிடலாம் என்று சத்யப்ரியா சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். வாடிப்பட்டி கிளமெண்ட் எடுத்தான். "தம்பி, வரன் பதிவுக்கு உன் பிறந்த தேதி வேணுமே" என்றேன். "அண்ணே, எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக ஆச்சு. நீங்கதான் வந்து மோதிரம் போட்டீக!" என்றான். பின்னாலிருந்து அவன் மனைவி, "எந்த வரனுக்குங்க உங்க தேதிய கேக்குறாக?" என்றாள். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டான். மிச்சமிருந்தவர்களுக்குச் சத்யப்ரியா சொன்னபடி காலியாகவே விட்டோம்.

இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படி. ஒவ்வொரு வரனுக்கும் கீழே நம் இரண்டு பேர் கண்ணுக்கு மட்டும் நீ ஒரு குறிப்பு எழுதி வைப்பாயே, அதை மறைப்பதற்குப் பழையதில் ஒன்று என்று போட்டிருந்தது. புதியதில் ஆம், இல்லை என்று போட வேண்டும். ஒன்று என்றால் இல்லை என்று நானே தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணிவரை உன் ஆயிரத்து இருநூறு குறிப்புகளையும் ஊரே படித்தது. முதல் போன் திருப்பரங்குன்றத்து இன்னாசியம்மாளிடமிருந்து.

"அண்ணே, 'பொண்ணு தங்கம். தாய் வாயத் தொறந்தா திண்டுக்கல் ரோட்டு லாரி'ன்னு போட்டிருக்கு. நான் லாரியாண்ணே?"

"உறுதியானவகன்னு அர்த்தம்மா அது."

"ஹாரன் சத்தத்தையும் சேத்துல்ல எழுதிருக்காக!"

அம்புட்டுப் பேரும் திட்டவில்லை. தத்தனேரி ஸ்தனிஸ்லாஸ் நன்றி சொல்லத்தான் கூப்பிட்டார். "எம் மகன் கால் தாங்கி நடப்பான்னுதான் எல்லா எடத்துலயும் எழுதிக் குடுத்தோம். உங்க வீட்டம்மா, 'கூட வாரவங்களுக்காக மெதுவா நடக்குற பையன்'னு எழுதிருக்காக. அத மட்டும் மறைச்சுராதீகண்ணே" என்றார். அதை மட்டும் எல்லோரும் பார்க்கும்படியே விட்டிருக்கிறேன்.

மற்றதைச் சரி செய்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று கடைசி வரனிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு குறிப்பாகப் படித்தேன். சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் கண் அசரும்வரை படித்தேன்; ஆரம்பத்து வரன்கள்தான் மிச்சம். எல்லாம் நீ பேசுகிற மாதிரியே இருந்தது, பெர்சி. இந்த வீட்டில் ஐந்து மாதமாக அவ்வளவு பேச்சு கேட்கவில்லை.

கடைசி வேலை, இரண்டு பக்கமும் வரிகளை எண்ணி ஒத்துப் பார்ப்பது. வரன்கள் சரி, போட்டோக்கள் சரி. யார் எந்த வரனை எப்போது திறந்து பார்த்தார்கள் என்று பதிகிற பட்டியலில் மட்டும் பழையதில் ஒரு வரி கூடுதல். அதையும் கொண்டுவந்து சேர்த்தோம். மறுநாள் பார்த்தால் மறுபடி ஒன்று கூடுதல். மூன்றாம் நாளும் அப்படியே. எவனோ திருடன் உள்ளே புகுந்துவிட்டான், போலீசுக்குப் போகலாம் என்றேன். சத்யப்ரியா அந்த வரிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"யாரோ இன்னும் பழைய அட்ரஸுலயே வந்து பாக்குறாங்க அங்கிள். தினமும் ஒரே ஆளு, ஒரே வரன். நம்ம நேரத்துக்கு மத்தியானம் பன்னெண்டர. அயர்லாந்துல இருந்து."

"எந்த வரன்மா?"

"நம்பர் ஒண்ணு."

ஜெஸி இந்த வெப்சைட்டைச் செய்து தந்த அன்று, சோதித்துப் பார்க்க நீ முதலில் ஏற்றியது என்னைத்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. போட்டோ, உயரம், படிப்பு எல்லாம் இருந்தன. கீழே உன் குறிப்பு: 'பேச்சு கம்மி. காபி வேணும்னு கேக்க மாட்டாரு, நாமளா பாத்துக் குடுக்கணும். இந்த வரன வேற யாருக்கும் காட்ட வேணாம்.' சத்யப்ரியாவும் அதைப் படித்தாள். மாடிக்குப் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். வீடியோ போனில் முகத்தைக் காட்டாமல் மின்விசிறியைக் காட்டுகிறேன் என்று நீ குறைப்பட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே காலை ஏழு மணிக்கு, குழந்தை எழுவதற்கு முன்னால், இத்தனை நாளும் நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா?

மாதக் கடைசியில் பழையதை மூடிவிடுவார்கள். ஒரு நாள் காலையில் திறந்து ஒன்றும் வராவிட்டால் பதறாதே. புது முகவரியை ஜெஸிக்கு அனுப்பியிருக்கிறேன், பாஸ்வேர்டு பழையதேதான். மாற்றும்போது எண்கள் இடம் மாறாமல் சத்யப்ரியா பார்த்துக்கொண்டாள். நான் அங்கேயும் ஒன்றாம் எண்தான்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பேரன் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிடு.

உன்
ஆரோக்கியநாதன்

பி.கு.: நான் நன்றாக இருக்கிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. ஈஸ்டர்வரை இரு என்பதையும் அடித்துவிடு. ஜெஸிக்கு நீ அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றால் சொல், நான் வாரேன். இன்று காலை பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி நான்கு முறை எடுக்க வேண்டியதாகிவிட்டது.