விடுபட்ட படிகளை வரன்முறைப்படுத்தும் திட்டம்

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோ நகரில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள ஃப்ரீவே மேம்பாலம் ஒன்று உண்டு. அதில் நடந்து ஏறினால் போலீஸ் வரும். ஆகவே அவ்வூர்த் தமிழர்களுக்கு ஒரு மலையேற்றப் பேரவை அவசியம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்ததில் வியப்பொன்றும் இல்லை. மலை இருக்கிற ஊர்க்காரன் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மலை இல்லாத ஊரில்தான் அதற்கு ஒரு நிர்வாகம் தேவைப்படுகிறது.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு சீசன் உண்டு. ஒரு வருஷம் வீட்டுக்கு வீடு வரகும் சாமையும். அடுத்த வருஷம் ஏர் ஃப்ரையர். அதற்கடுத்து பிக்கிள்பால் என்று ஒரு பந்தாட்டம் ஆடி, ஆளாளுக்கு முழங்கையில் பட்டை கட்டிக்கொண்டு கல்யாண வீடுகளில் திரிந்தார்கள். இந்த வருஷம் மலை. பேரவைத் தலைவர் பேரின்பநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், பல் டாக்டர். செயலாளர் பத்மநாபன், மயிலாப்பூர்க்காரர், ஒரு பேங்கில் விதிமுறைப் பிரிவு அதிகாரி. பேரவைக்கு நாற்பத்தோரு பக்க விதித் தொகுப்பு எழுதியது அவர்தான். அதில் மலை என்ற சொல் முதல் தடவையாக வருவது பதினேழாம் பக்கத்தில்.

முதல் பயணம் சீனாவுக்கு. ஹுவாஷான் என்று தாவோ மதச் சாமியார்களின் புனித மலை. செங்குத்துப் பாறையில் பாதி பாதம் வைக்கிற அளவுக்குப் படி வெட்டி, இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். யாரோ அனுப்பிய வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, பதினாலு பேர் பெயர் கொடுத்தார்கள். பதினாலாவது பெயர் நஞ்சுண்டன்.

இந்த நஞ்சுண்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், டேட்டாபேஸ் என்ஜினியர், ஐம்பது வயதுக்கு ஒன்று குறைவு, சுகர் எப்போதும் கொஞ்சம் கூட. தெருக்கோடியில் இருக்கும் தபால் பெட்டிக்குக் காரில் போய் வருகிறவர். அவருடைய பதினாறு வயது மகள் ஷ்ரேயாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும்; பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

"அப்பா மலை ஏறப் போறேன் கண்ணு" என்றார் நஞ்சுண்டன்.

"டாட், யூ டிரைவ் டு தி மெயில்பாக்ஸ்" என்றாள் ஷ்ரேயா. போனிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஏறியே தீருவது, ஏறி வந்து இவள் வாயால் ஒரு வார்த்தை கேட்பது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை. ஆரம்பத்தில் இல்லை.

ஏப்ரலில் போனார்கள். மலையடிவாரத்தில் தலைவர் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு விளக்கவுரை ஆற்றினார். "விதி ஒன்பதின்படி, கீழ இருக்கிற ஒரு ஆள் மேல போய்ச் சேருறதுதான் மலையேற்றம். எப்பிடிப் போறது எண்டு விதியில ஒண்டும் இல்ல. அங்கால கேபிள் கார் நிக்குது."

"நோகாம நுங்கு தின்னலாம் சார், வாங்க" என்று பத்மநாபன் நஞ்சுண்டன் தோளில் தட்டினார்.

நஞ்சுண்டன் போகவில்லை. அடிவாரத்துப் பெண் ஒருத்தி விற்ற வெள்ளை நூல் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, தனியாகப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

அப்பப்பா, அதையும் படிக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள்! ஏணியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டின மாதிரி இருந்தது. முன்னால் ஏறுகிறவனின் செருப்பு இவருடைய நெற்றிக்கு நேரே வந்து வந்து போயிற்று. நூல் கையுறை ஒரு மணி நேரத்தில் கிழிந்தது. அப்புறம் வெறுங்கையாலேயே சங்கிலியைப் பிடித்துத் தொங்கினார். நடுவழியில் முதுகில் தண்ணீர்ப் பெட்டி சுமந்து வந்த ஒரு கிழவர் இவரைத் தாண்டிப் போனார். வெட்கமாக இருந்தது. கீழே பார்த்தார், வெட்கம் போய்ப் பயம் வந்தது. 'ஆஞ்சநேயா, காப்பாத்துப்பா' என்று கண்ணை மூடினபோது, மணிக்கட்டில் கடிகாரம் கிர்ரென்று அதிர்ந்து ஒரு செய்தி காட்டியது: "வெகு நேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள். ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாமே!"

ஏழு மணி நேரம் ஆயிற்று. உச்சியில் ஒரே மேகம். சின்னக் கோயில் ஒன்றின் வாசலில் கொண்டை போட்ட தாவோ சாமியார் ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். இவருடைய கையைப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்ததும் நஞ்சுண்டனுக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். அந்த நேரத்தில் அவருக்கு எந்தப் பேப்பரும் தேவைப்படவில்லை.

ஊர் திரும்பினதும் ஷ்ரேயா அவர் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு கையிலும் கொப்புளம் உடைந்து, சங்கிலி வளையம் வளையமாகத் தழும்பு. போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"வாவ், அப்பா. யூ ரியலி டிட் இட்."

டாட் என்கிறவள் அப்பா என்றாள்! இங்கேயே கதையை முடித்துக்கொண்டு மனுஷன் தூங்கப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது? மறுநாள் பேரவை வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்தது: மலையேறியவர்களுக்குச் சான்றிதழும் பொன்னாடையும் ஜூலை மாத விழாவில் வழங்கப்படும், ஏறியதற்கு ஆதாரம், கைக்கடிகாரத்தில் பதிவான காலடிகள், குறைந்தபட்சம் இருபதாயிரம்.

கேபிள் காருக்காகக் கையை வீசி வீசி, வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் வரிசையில் நகர்ந்தவர்களுக்கெல்லாம் இருபதாயிரத்துக்குக் குறையாமல் வந்திருந்தது. தலைவருக்கு இருபத்தோராயிரத்துச் சொச்சம். கடிகாரம் கை வீச்சை வைத்துத்தான் காலடி எண்ணும்; கை இரண்டும் சங்கிலியிலேயே கிடந்ததால், நஞ்சுண்டன் கணக்கில் நாலாயிரத்து நூற்றாறு. மற்ற பதின்மூன்று பேரும் ஏறியவர்கள். அவர் ஒருத்தர்தான் ஏறாதவர்.

நேரே தலைவர் வீட்டுக்கே காரை விட்டார். பத்மநாபனும் அங்கே இருந்தார்.

"டாக்டர், நான் ஏறினது உங்களுக்கே தெரியுமே!"

"எனக்குத் தெரியும் தம்பி. பேரவைக்குத் தெரியாதே."

"நீங்கதானே பேரவை?"

"ஓம். ஆனா இப்ப நான் வீட்டில இருக்கிறன்."

"உச்சில எடுத்த போட்டோ இருக்கு, பாருங்க."

பத்மநாபன் வாங்கிப் பார்த்தார். "வெறும் மேகமா இருக்கே சார். இத நம்ம வீட்டு பாத்ரூம்ல ஹீட்டர் போட்டுட்டும் எடுக்கலாம். நீங்க அப்படிப் பண்ணீங்கன்னு சொல்லல."

"அப்ப என் கையைப் பாருங்க!"

"கையெல்லாம் மனுவா எழுதிக் கொடுங்க சார். ஆவன செய்றோம்."

எழுதிக் கொடுத்தார். ஷ்ரேயா எடுத்த போட்டோவையும் இணைத்தார். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது:

"பார்வை: தங்கள் உள்ளங்கைகள் இரண்டு. மேற்படி உள்ளங்கைகள் மூவர் குழுவால் கூர்ந்து ஆராயப்பட்டன. படத்தில் கை தெளிவாக உள்ளது. மலை தெளிவாக இல்லை. தோட்ட வேலையாலும் இத்தகைய கொப்புளம் வரக்கூடும் என்று குழு கருதுகிறது. எனினும், தங்கள் ஆர்வத்தைக் கருணையுடன் பரிசீலித்து, விடுபட்ட படிகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தின் கீழ், குறைவுபட்ட பதினையாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு காலடிகளையும் தாங்கள் ஒரே நாளில், எந்த இடத்திலும், விழாவுக்கு முன் நிறைவு செய்துகொள்ளலாம்."

வீடு கட்டிவிட்டு அனுமதி வாங்குவதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். மலை ஏறிவிட்டு அனுமதி வாங்கும் வசதியை முதலில் கொண்டுவந்த பெருமை ஃபிரிஸ்கோவுக்கே.

நடந்து தொலைத்துவிடலாம்தான். ஆனால் மலையிலிருந்து இறங்கின இறக்கத்தில் அவருக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்தது. தபால் பெட்டி வரைக்கும்கூட நடக்கக் கூடாது என்று முட்டி டாக்டர் ஆர்டர். ஏறின காரணத்தால், ஏறினதை நிரூபிக்க முடியாமல் போயிற்று. இதைப் பத்மநாபனிடம் போனில் சொன்னார்.

பத்மநாபன் குரலைத் தாழ்த்தினார். "சார், விதியில காலடின்னுதான் இருக்கு. யார் காலடின்னு இல்ல. வரிசையில எனக்கும் ரெண்டாயிரம் குறைஞ்சது. கடிகாரத்த ஒரு சாக்ஸ்ல போட்டு, துணி காயவைக்கிற மிஷின்ல போட்டேன். அருமையா நடந்தது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

"சீ! நான் நெஜமா ஏறினவன்!" என்று போனை வைத்தார் நஞ்சுண்டன்.

இரண்டு நாள் ரோஷமாகத்தான் இருந்தார். மூன்றாம் நாள் கோயிலில் ஒருவர், "என்ன நஞ்சுண்டன், நீங்க மட்டும் கீழயே நின்னுட்டீங்களாமே, முட்டி வலியா?" என்று அக்கறையோடு விசாரித்தார். ஆடிப்போய்விட்டார் மனுஷன். ஏறினது உண்மை, உண்மைக்கு ஒரு பேப்பர் வாங்குவதில் பொய் எங்கே வந்தது என்று இரவெல்லாம் யோசித்து, பொய் எங்கேயும் வரவில்லை என்று முடிவுக்கு வந்தார்.

விழாவுக்கு முந்தின நாள். முந்நூறு பேருக்கு இட்லி மாவு அரைக்கும் பொறுப்பு அவர் மனைவி காமாக்ஷியுடையது. கோயம்புத்தூரிலிருந்து பெட்டியில் வந்த டேபிள்டாப் கிரைண்டர். அடியில் ஒரு ரப்பர் கால் எப்போதோ விழுந்துபோய், ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று குதிக்கும். நஞ்சுண்டன் கடிகாரத்தைக் கழற்றி அதன் உடம்பில் இறுக்கிக் கட்டினார்.

"இது என்ன கண்றாவி?" என்றாள் காமாக்ஷி.

"ஆபீஸ் வேலை. நீ அரை."

ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணிக்கை ஏறியது. அவருக்கே பெருமையாக இருந்தது. நீச்சல் கிளாஸ் முடிந்து வந்த ஷ்ரேயா தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் நுழைந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கிரைண்டரைப் பார்த்தாள். அதன் இடுப்பில் கடிகாரத்தைப் பார்த்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனாள்.

கூப்பிட்டு விளக்கலாம் என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நாளைக்கு மேடையில் பார்க்கத்தானே போகிறாள் என்று இருந்துவிட்டார்.

கடைசி ஈடு வழித்தபோது கணக்கு அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. நிறுத்த மறந்ததல்ல, மாவு முடியவில்லை.

விழாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் அந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அறுபத்திரண்டாயிரம் காலடி! என்ர ரெக்கோர்ட்டையே முறிச்சுப் போட்டார் எங்கட நஞ்சுண்டன் தம்பி! கால் வீங்கியும் நடை தளராத இந்த மறத்தமிழனுக்கு 'மலைச் சிகரம்' எண்ட பட்டத்தையும் வழங்கி, அடுத்த பயணத்துக்குத் தலைமை தாங்க அழைக்கிறம்!"

ஒரே கைதட்டல். எழுந்து நின்று தட்டியவர்களில் மூவர் குழுவும் உண்டு. நஞ்சுண்டன் நொண்டிக்கொண்டே மேடையேறிச் சான்றிதழும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டிய வாலண்டியர் ஹவர்ஸுக்காகச் சட்னி வாளியோடு நின்ற ஷ்ரேயா மட்டும் கை தட்டவில்லை. அவள் கையில் வாளி இருந்தது என்று அவர் தேறுதல் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தலைவரிடமிருந்து போன். "தம்பி, ஒண்டும் நினைக்காதேயும். நீர் கிரைண்டரில கடிகாரம் கட்டின கதையை உம்மட மனிசி சொல்லி, பத்மநாபன் எனக்குச் சொன்னவர். அந்த கிரைண்டரை ஒரு கிழமைக்கு இரவல் தருவீரோ? இந்த காயவைக்கிற மிஷின் சூட்டில என்ர கடிகாரம் பழுதாப் போச்சு."

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார் நஞ்சுண்டன். அங்கே ஷ்ரேயா அவருடைய பொன்னாடையை எடுத்து, நாலாக மடித்து, கிரைண்டருக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"கன்கிராட்ஸ்" என்றாள், கிரைண்டரிடம். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "டாட், டிட் யூ ஆக்சுவலி கிளைம்ப் இட்?"

நஞ்சுண்டன் அவசரமாக இரண்டு உள்ளங்கையையும் அவள் முன்னால் விரித்தார். மூன்று மாதம் ஆகியிருந்தது. கொப்புளம், வளையம், தழும்பு ஒன்றும் இல்லை. கீபோர்டு தட்டுகிறவன் கை, வழவழவென்று இருந்தது. கையை மூடிக்கொண்டார்.

"ஏறினேன் கண்ணு, சத்தியமா ஏறினேன்" என்றார். அவள் இன்னும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழி தெரியாமல் சட்டைப் பையில் கையை விட்டு, மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

"இதோ பாரு, சர்ட்டிபிகேட் இருக்கு."