பின் அச்சுக்கு இழைக்கப்பட்ட அநீதி

எங்கள் நகராட்சிக்கு இருப்பது ஒரே ஒரு பனி தள்ளும் லாரி. குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கு இறங்கினால் அதன் இன்ஜின் ஹீட்டரின் வயரை வண்டி நிறுத்துமிடத்துப் பிளக் கம்பத்தில் செருகிவைப்போம். செருகாவிட்டால் லாரி ஸ்டார்ட் ஆகாது. கனடாவின் சஸ்காட்செவனில் பிறந்த நாய்க்குட்டிக்கும் இது தெரியும்.

புதிய மேலாளர் டெஸ்மண்ட், இந்தக் குளிரையே பார்த்திராத வான்கூவர்க்காரர். வந்த கையோடு 'சம வெப்பக் கொள்கை'யை அமல்படுத்தினார். இனி ஹீட்டரைச் செருக, பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பராமரிப்பு வினாத்தாளை நிரப்பித் தரவேண்டும். அதற்கு முத்திரை குத்தும் குமாஸ்தா அடியேன்.

டிரைவர் லோர்ன் நிரப்பினான். அவன் மனைவி டாரியாவுக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். சாலையில் இடுப்பளவு பனி. லாரி தள்ளினால்தான் பாதை. ஏழாவது கேள்வி: 'வண்டியில் சூடேற்றப்படாத பாகங்கள் எவை?' சத்தியசந்தன், 'பின் அச்சின் டிஃபரன்ஷியல்' என்று எழுதித் தொலைத்தான்.

மேலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"முன்பக்கம் சூடு, பின்பக்கம் குளிரா? இது பாரபட்சம் இல்லையா?"

"சார், அது வெறும் பல்சக்கரமும் எண்ணெயும். வண்டி ஓட ஓடத் தானா சூடாயிடும்."

"வண்டி எப்படி ஓடும்?"

"இன்ஜினுக்கு ஹீட்டர் போட்டா ஓடும்."

"பாத்தீங்களா? மறுபடியும் இன்ஜினுக்கே சலுகை கேக்கறீங்க."

"சார், என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு!"

"வாழ்த்துகள். பின்பக்கத்துக்கு ஹீட்டர் வாங்க டெண்டர் விடறேன். அதுவரைக்கும் ரெண்டும் சமமா குளிரட்டும்."

லோர்னுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வினாத்தாளில் 'வருத்தத்துடன் நிராகரிக்கப்பட்டது' என்று குத்தினேன். 'வருத்தத்துடன்' என் சொந்தச் செலவில் சேர்த்தது.

வெளியே, மேலாளருடையது உட்பட, ஊழியர்களின் பதினோரு கார்களும் கம்பங்களில் செருகப்பட்டு இதமாக நின்றன. கார் லாரி அல்லவாதலால் கொள்கை அவற்றைத் தீண்டவில்லை. லோர்ன் விறுவிறுவென்று போய் ஒரு காரின் வயரைப் பிடுங்கிவிட்டு, அங்கே லாரியைச் செருகினான். மூன்று மணி நேரத்தில் இன்ஜின் உறுமியது. டாரியாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, பனியைத் தள்ளிக்கொண்டே போனான். ஆஸ்பத்திரி சேர்ந்த கால்மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மறுநாள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். மேலாளரே கைதட்டினார். எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் அவன் பிடுங்கியது என் காரின் வயர். முந்தின நாள் மாலை அது ஸ்டார்ட் ஆகாமல், மூக்கு விறைக்க நான் நடந்து வீடு போனேன். ஆகவே கேக்கைத் தின்று முடித்ததும் ஒரு வினாத்தாளை எடுத்து முறைப்படி புகார் எழுதி, நானே முத்திரையும் குத்தினேன்.

பத்துக் கார் சூடாக நிற்க, என் கார் மட்டும் குளிர்வதா? இது பாரபட்சம் இல்லையா?