யானையின் மனம் பற்றிய விசாரணை

அன்று ஆனைகட்டியில் காளிச்சாமியின் வாழைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: வனத்துறை மத்தியாஸ், வருவாய்த்துறை ஜீவிதா, மூளையைப் பற்றிப் படித்த ஆலோசகர் பூபதிராஜா, காளிச்சாமி, அவர் மனைவி ராமலட்சுமி, பக்கத்துத் தோட்டத்துச் சாட்சியாக நான். ஆக ஆறு பேர். யானை ஆஜராகவில்லை.

முந்தின இரவு அது பாதித் தோட்டத்தைத் தின்றிருந்தது. நஷ்டஈடு வராவிட்டால் காளிச்சாமி மறுபடி கன்று வைக்க வழியில்லை. அதற்கோ புதிய சுற்றறிக்கை ஒன்று வந்திருந்தது. விலங்கு மனமறிந்து தின்றிருந்தால் வனத்துறை தர வேண்டும். காற்று, மழைபோல இயற்கையாக நேர்ந்திருந்தால் வருவாய்த்துறை தர வேண்டும். எனவே யானைக்கு மனம் உண்டா என்று கண்டறியும் பொருட்டு மேற்படி மூவரும் ஒரே ஜீப்பில் வந்திருந்தனர்.

முற்றிய குலையாகப் பார்த்துத் தின்றுவிட்டுப் பிஞ்சைத் தொடாமல் போயிருப்பதால் மனம் உண்டு என்றார் ஜீவிதா. அது வெறும் மோப்பம் என்றார் மத்தியாஸ்.

பூபதிராஜா ஒடிந்த வாழையைத் தட்டிப் பார்த்தார். வயிறு செரிப்பதுபோல மூளை நினைக்கிறது; மனம் இருப்பதும் உண்மை, அது இயற்கை என்பதும் உண்மை; ஆகவே இரண்டும்தான் என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது.

"இரண்டும் சேர்ந்ததற்குச் சுற்றறிக்கையில் இடமில்லை," என்றார் மத்தியாஸ். ஜீவிதாவும் அன்று முதல்முறையாக அவரோடு ஒத்துப்போனார். இரு துறைகளும் தப்பித்தன.

"ஏனுங்க, அப்ப என்ற வயித்தெரிச்சல் எந்தத் துறைங்க?" என்று கேட்டார் காளிச்சாமி.

அதுவும் மூளையில்தான் நிகழ்கிறது என்று பூபதிராஜா ஆறுதல் சொன்னார்.

பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு இலை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோழிக்குழம்பு வாசம் வந்ததும் மூவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். ராமலட்சுமி வாசலை மறித்து நின்றார்.

"பசிக்குதுங்களா சார்?"

"நல்லா பசிக்குது."

"அது மனசுங்களா, இயற்கைங்களா?"

"ரெண்டும்தாம்மா," என்றார் மத்தியாஸ், யோசிக்காமல்.

"ரெண்டும் சேந்ததுக்கு எங்கூட்டுல எல போடறதில்லீங்க."

உடனே தீர்வு பிறந்தது. மனப்பாதிக்கு வனத்துறை, இயற்கைப்பாதிக்கு வருவாய்த்துறை. கையெழுத்து சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஆறு பேருக்கும் மனம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆறும் குழம்பில் இருந்தன.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் மீதித் தோட்டத்தையும் காணோம். யானை வந்ததும் தின்றதும் போனதும் எங்களில் ஒருவர் உணர்வுக்கும் எட்டவில்லை. சேதம் மாறிவிட்டதால் விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லி மூவரும் ஜீப்பில் ஏறினார்கள்.

மிஞ்சியதை நான் எண்ணினேன். ஏழு வாழை. ஏழும் பிஞ்சு.