ஒரு போத்தலுக்கு எத்தனை மைல்?

வாகனங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக நான் வாழ்ந்த காலம் மொத்தம் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளுக்குள்தான், பிள்ளைகளே, பழைய டீசல் பிக்கப் ஒன்றை எடுப்பதா விடுவதா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் அம்மா இதை ஒரு மாதிரிச் சொல்லுவா, மீன் விற்கிற திரேசா அக்கா இன்னொரு மாதிரிச் சொல்லுவா. அகப்பட்டவன் நான். நானே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீங்கள் இருவரும் பிறக்கவில்லை. முள்ளியவளையில் கத்தரியும் பயிற்றையும் செய்தோம். எங்கள் லாண்ட்மாஸ்டரில் (வயல் உழுகிற இரண்டு சில்லு மிஷின், வீட்டில் என்னைவிட மதிப்பு அதற்குத்தான்) பெட்டி பூட்டி மரக்கறி ஏற்றினால், சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். அப்போதுதான் நெடுங்கேணிச் செல்லத்துரை அண்ணை, லாண்ட்மாஸ்டரைத் தந்தால் தன் பிக்கப்பைத் தருவதாகச் சொன்னார். பிக்கப்பை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டு, திறப்பையும் (சாவிதான்) என் கையில் தந்தார்.

"நாளைக்கு நெடுங்கேணிக்கு ஓடிக்கொண்டு வாரும். பிடிச்சா உம்மட மிஷினைத் தாரும், பிடிக்காட்டி என்ர திறப்பைத் தாரும்."

நான் அப்போதே முடிவெடுத்துவிட்டேன். அம்மா எடுக்கவில்லை.

"மிஷின் போனா வயலை என்னத்தாலை உழுறது? உந்தக் கத்தரிக்காயாலையோ?"

"இஞ்சேரும், ஒரு போத்தலுக்கு எத்தனை மைல் ஓடுதெண்டு காட்டுறன். பிறகு கதையும்."

டீசல் போத்தலில் அளந்து விற்ற காலம் அது. போத்தலுக்கு எத்தனை மைல் என்று சொல்லத் தெரிந்தவன்தான் ஊரில் அறிவாளி. விடிந்ததும் தாங்கியில் இருந்த டீசலைக் கடைசிச் சொட்டுவரை கானுக்குள் இறக்கினேன். திரும்ப ஒரே ஒரு போத்தல் மட்டும் விட்டேன். மீதிக் கான் முன் சீற்றின் கீழே. கையில் கொப்பியும் பென்சிலும். பக்கத்துச் சீற்றில் அம்மா. (எட்டாம் வகுப்போடு நின்றவன், விஞ்ஞானியாகிவிட்டேன்.)

சந்தியில் திரேசா அக்கா இரண்டு கூடை மீனோடு கையைக் காட்டினா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து, ஒட்டுசுட்டான் சந்தைக்குப் போக வழியில்லாமல் நின்றா. இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். ஓடுகிற வாகனத்தை வெறுமையாக விடுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

பிக்கப் பறந்தது. நாலரை மைலில், இரண்டு பக்கமும் காடாக இருந்த இடத்தில், இருமிவிட்டு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இறங்கிக் கொப்பியில் எழுதினேன்.

"என்ன தம்பி, வாகனம் நிண்டுபோச்சு, நீர் சிரிக்கிறீர்?"

"நிக்கத்தான் அக்கா வேணும்! நாலரை மைல்!"

கானிலிருந்த டீசலை ஊற்றித் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் முனகியது. பிடிக்கவில்லை. பற்றரி தீரும்வரை திருப்பினேன். தள்ளினோம். திரும்பவும் தள்ளினோம். வெயில் ஏறியது. ஐஸ் இல்லாத மீன். ஈக்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தன.

"தம்பி, என்ர மீன் எத்தனை மைலிலை நாறுமெண்டும் உந்தக் கொப்பியிலை எழுதும்" என்றா திரேசா அக்கா.

சைக்கிளில் வந்த ஒரு அண்ணை நின்று பார்த்தார். முந்தி லொறி ஓடியவராம்.

"டீசல் முடிய விட்டனீரோ?"

"ஓம் அண்ணை. வேணுமெண்டுதான்."

"வேணுமெண்டோ?" அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். "டீசல் எஞ்சினைக் காய விட்டா குழாய்க்குள்ளை காத்துப் பூந்திடும், தம்பி. நட்டைக் கழட்டிக் காத்தை எடுக்காமல் நீர் கொழும்புமட்டும் தள்ளினாலும் பிடிக்காது. ஸ்பனர் இருக்கோ?"

கொப்பி இருந்தது. பென்சில் இருந்தது. ஸ்பனர் இல்லை.

அம்மா இறங்கினா. அந்த அண்ணையின் சைக்கிளை வாங்கி முள்ளியவளைப் பக்கம் உழக்கினா. ஒன்றரை மணித்தியாலம் கழித்து 'டக டக டக' என்று ஒரு சத்தம். பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரைத் தானே ஓட்டிக்கொண்டு அம்மா வந்தா. அதுவரை வயல் வரம்பைத் தாண்டி அவா அதை ஓட்டியதில்லை. ஸ்பனர் பையை என் காலடியில் போட்டா, சைக்கிளை இறக்கிக் கொடுத்தா.

"ஏறுங்கோ அக்கா. எல்லாரும் ஏறுங்கோ."

"நான்?" என்றேன்.

"நீங்கள் உங்கட வாகனத்தோடை வாங்கோ."

மிஷின் மாட்டு வண்டி வேகத்தில் வளைவில் மறைந்தது. அதிலிருந்த ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் விடவில்லை. அந்த அண்ணை சொல்லச் சொல்ல நட்டைக் கழற்றி, முகமெல்லாம் டீசலாகி, காற்றை எடுத்தேன். வழியால் போன நாலு பேரைக் கும்பிட்டுத் தள்ளுவித்தேன். பிடித்தது! அன்று பின்னேரம் நெடுங்கேணியில் செல்லத்துரை அண்ணையின் கையில் திறப்பைக் கொடுத்தேன்.

"வாகனத்திலை என்ன பிழை?" என்றார்.

"ஒரு பிழையும் இல்லை அண்ணை. மிஷினை மனிசி தரமாட்டா."

அது பொய்யில்லை. அன்றிலிருந்து லாண்ட்மாஸ்டரின் திறப்பு அம்மாவின் இடுப்பில். வயலுக்குக் கொண்டுபோக நான் கேட்டுத்தான் வாங்குவேன்.

திரேசா அக்காவின் மீனில் ஒரு கூடை கருவாடானது. அவா அதை மன்னித்துவிட்டா, மறக்கவில்லை. இப்போது எங்களிடம் இருக்கிற சின்ன லொறி சந்தியில் நின்றால், அவா கூடையைத் தூக்க முதல் உள்ளே எட்டிப் பார்ப்பா.

"ஆர் ஓடுறது? தங்கச்சியோ?"

"இல்லை அக்கா, நான்தான்."

"அப்ப நீர் போம் தம்பி. பஸ் வரும்."